நான் வாயை மூடிக்கொண்டிருந்த நான்கு நாள்

உங்கள் கண் முன்னால் ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கள்ளி என்கிறார். அவள் கள்ளி இல்லை என்பது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை செக்கனில் வாய் திறப்பீர்கள்?

நான் நான்கு நாள் எடுத்தேன்.

1. அரைத் தாள்

கம்பஸில் பட்டம் முடித்து அரச வேலை நியமனத்துக்குக் காத்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். இப்போதைக்குக் கொக்குவிலில் ஒரு டியூட்டரியில், தனியார் வகுப்பு நடக்கும் இடத்தில், வேலை. பிரிண்ட் அடிப்பது, பேப்பர் திருத்துவது, மைக் பூட்டுவது எல்லாம் நான்தான். இங்கே பௌதிகவியல் படிப்பிக்கும் சேரிடமே படித்தவன் என்பதால் கொஞ்சம் கெத்தாகத் திரிவேன்.

மெஷின் ஓடத் தொடங்கும்போது முதல் பத்துப் பதினைந்து தாள் மங்கலாக வரும். அவற்றை இரண்டாக வெட்டி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, வாசிப்பறை மேசையில் வைப்போம். பிள்ளைகள் கணக்குச் செய்து பார்க்க உதவும். ஆனால் சேரின் சோதனைப் பேப்பர் என்றால் வெட்டக் கூடாது, அன்றைக்கே எரிக்க வேண்டும். அந்த வியாழன் ஞாயிறு சோதனைக்கான பேப்பர் அடித்தபோது நல்ல மழை. பிறகு எரிப்போம் என்று மூலையில் போட்டேன். அடுத்த நாள் மற்றத் தாள்களோடு சேர்த்து நானே வெட்டி வைத்துவிட்டேன்.

வெள்ளி பின்னேரம் தர்சிகா வந்தாள். நீர்வேலியிலிருந்து சைக்கிளில் சேரின் வகுப்புக்கு வரும் பிள்ளை.

"அண்ணா, இந்தத் தாளின்ரை பின்பக்கம் ஒரு கணக்குக் கிடக்கு. எனக்கு விளங்கேல்லை."

தலைப்பில்லாத அரைத் தாள். வகுப்பில் கொடுக்கும் பழைய டியூட் ஒன்று என்று நினைத்தேன். சேர் எனக்குப் படிப்பித்த அதே முறையில், படி படியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஞாயிறு சோதனை. அதே கணக்குத்தான் பேப்பரில் கடைசிக் கேள்வி; வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் அதை முழுதாகச் செய்திருந்தாள்.

2. திங்கள்

சேர் அவளை ஒப்பிஸுக்குக் கூப்பிட்டார். நான் மூலையில் இருந்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் படிமுறை நான் விடை எழுதி வைச்ச புள்ளித்திட்டத்திலை மட்டும்தான் கிடக்கு. உன்னை ஒப்பிஸுக்குள்ளை விட்டது ஆர், பிள்ளை?"

அவள் சேரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்டும் எடுக்கேல்லை சேர்."

அவ்வளவுதான் சொன்னாள். சேர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உவள் உள்ளை வந்ததைக் கண்டனியோ?"

அந்த அரைத் தாள் எதிலிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கிருந்து சுன்னாகம் வரை சேருக்குத் தெரியாத டியூட்டரி இல்லை. ஒரு சொல் சொன்னால் எனக்கு எங்கேயும் இடமில்லை. "தெரியாது சேர்" என்றேன்.

உண்மையைச் சொல்லும் வரைக்கும் வகுப்புக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார். உயர்தரப் பரீட்சைக்கு ஆறு கிழமைதான் இருந்தது.

செவ்வாய் வகுப்பில் அவளைப் பெயரோடு கள்ளி என்று மைக்கில் சொன்னார். நான் பூட்டிக் கொடுத்த மைக். அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் பெடியள் ஒரு பக்கம், பெட்டையள் ஒரு பக்கமாகப் பிரிந்து சண்டை. அண்ணா நீங்கள் என்ன சொல்லுறீங்கள் என்று யாரோ கேட்டார்கள். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டைப் பண்ணினேன். அதற்குப் பிறகு போனைக் கவிழ்த்தே வைத்தேன். எந்த நிமிடமும் அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று பயம். அவள் சொல்லவேயில்லை.

3. வியாழன்

தகப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாழைத் தோட்டக்காரர். செருப்பை ஒப்பிஸ் வாசலில் கழற்றிவிட்டு நின்றார்.

"பிள்ளை பிழை விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடுறாளுமில்லை, புத்தகம் தொடுறாளுமில்லை."

செய்யாத பிழைக்கு அந்த மனிசன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். எழும்பினேன்.

"சேர், அந்தக் கணக்கை நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

எரிக்காத தாள், வெட்டிய தாள், எல்லாம் சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை சொல்லியிருந்தா இது ஒரு கதையே இல்லையடா. இப்ப வகுப்பு முழுக்கக் கேக்கக் கள்ளி எண்டிட்டன். நீ அவளுக்காண்டிப் பொய் சொல்லுறாய் எண்டுதான் எல்லாரும் கதைப்பாங்கள்."

பிறகு சேர் ஒரு முடிவு சொன்னார்: நாளைக்கு அவள் தனியே ஒரு புதுப் பேப்பர் எழுத வேண்டும். சரியாகச் செய்தால் தன் பிழையை அதே மைக்கில் சொல்லுவார். செய்யாவிட்டால் வகுப்பில் இடமில்லை.

"அவள் நாலு நாளாப் படிக்கேல்லை சேர்" என்றேன்.

"அதுக்கு ஆர் காரணம்?"

கேற்றடியில் தர்சிகா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீங்கள் அண்டைக்கே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அண்ணா."

டியூட்டரி வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: நான் சேருக்கும் தர்சிகாவுக்கும் நடுவில் நிற்பதாக நினைத்திருந்தேன். அந்த நான்கு நாளும் சேரின் பக்கம்தான் நின்றிருக்கிறேன். அதனால் சேருக்கும் நன்மையில்லை. தெரிந்ததை அந்த நிமிடமே சொல்லுங்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பிந்திச் சொன்னால் உண்மையைக்கூட நம்ப ஆளில்லை.

இன்று வெள்ளி. புதுப் பேப்பரைச் சேர் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தார், என்னிடம் பிரிண்டுக்குத் தரவில்லை. தர்சிகா அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பேப்பர் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.