என் மகளைக் கட்டிலிலிருந்து இறக்கிய பகல்

பகல் இரண்டேகால் மணிக்கு நர்சம்மா, பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை என் மூத்த மகளின் வயிற்றின் மேலிருந்து எடுத்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். இந்த முறை ஆட்டவில்லை. குழலை மறுபடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என் காதருகே குனிந்து, வலி வரும்போது பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு இறங்குகிறது, வலி போன பிறகும் ஏறத் தாமதிக்கிறது என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி அடிக்கிற பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவளின் பழக்கம் அது. அந்த முள் நின்ற இடம் இன்றும் கண்ணிலேயே இருக்கிறது.

அது மூத்தவளின் முதல் பேறு. மருமகன் கொழும்பில் இருந்தார். பிள்ளையின் தலை கீழே இறங்கி வந்துவிட்டது. வலி வரும்போது நனைந்த முடி கொஞ்சம் தெரியும், வலி போனதும் உள்ளே போய்விடும். காலை முழுக்க இப்படியே. இனி டாக்டரம்மா வந்து தலையைப் பிடித்து இழுக்கிற ஆயுதம் போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று நர்சம்மா சொன்னபோதே என் கணவர் வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டிருந்தார். வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கல்தச்சர் ஊரான எங்கள் மயிலாடியில் எந்நேரமும் கேட்கிற உளிச் சத்தம் அன்று ஒரு பட்டறையிலும் இல்லை.

துடிப்பு இறங்கிய சற்று நேரத்தில், சுசீந்திரம் பக்கமிருந்து நனைந்து வந்த கல்தச்சர் ஒருவர் வாசலில் நின்று செய்தி சொன்னார். பழையாறு பெருகி ரோட்டின்மேல் போகிறது. என் கணவர் நெஞ்சளவுத் தண்ணீரில் அக்கரைக்குப் போய்விட்டார். வண்டி இக்கரையில் நிற்கிறது. டாக்டரம்மா அவரோடு வருவதானாலும் எப்படி வருவார், எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே நாங்கள் நாலு பேர், கட்டிலில் கிடந்தவளைச் சேர்த்தால் ஐந்து பேர். நான், நர்சம்மா, என் கணவரின் அக்கா, என் இளைய மகள்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களில் பெண்ணுக்கு முதல் பேறு என்றால் ஆசாரியிடம் சொல்லி இடுப்பளவு உயரத்தில் கட்டில் செய்வோம். வெள்ளை விரிப்பு விரித்து, பெண்ணை மல்லாக்கப் படுக்கவைத்து, அதில்தான் பெறவேண்டும். எங்கள் தாய்மார் காலத்தில் உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து பெற்றார்கள். மிஷன் துரைசானிகள் வந்தபோது சோப்பு வந்தது, கொதித்த தண்ணீர் வந்தது, கொதிக்கவைத்த கத்தரி வந்தது, கட்டிலும் வந்தது. சோப்பும் வெந்நீரும் எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றின. அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கட்டிலும் அவற்றோடு கூடவே வந்ததால் அதுவும் காப்பாற்றியது என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டோம். கயிறு கட்டின வீடு படிக்காத வீடு, கட்டில் போட்ட வீடு படித்த வீடு என்றாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கட்டில் தேக்கு. என் நாத்தனார் அதைக் காட்டுவதற்காகவே ஆட்களைக் கூட்டிவருவார்.

இளையவள் படித்தது வேறு படிப்பு. திருவனந்தபுரத்தில் விலங்கியலில் பட்டம் முடித்து, மதராஸுக்குப் போய் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்த கதைதான் அந்தப் படிப்பு. ஊரில் அதற்குக் குரங்குப் படிப்பு என்று பெயர். சபைக் கோவில் வாசலில் ஒரு மூப்பர் அவளை நிறுத்தி, உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் மரத்திலேயா இருந்தார்கள் என்று கேட்டார்.

"தூரத்துச் சொந்தந்தான் ஐயா" என்றாள் இவள். "கலியாணத்துக்கெல்லாம் அழைக்கதில்ல."

நான் அன்று இரவு சாப்பிடவில்லை. இப்படிப் பேசுகிறவளை யார் கட்டுவார் என்பது ஒரு பயம். இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டோமே, இதனால் என்ன ஆகப்போகிறது என்பது அதைவிடப் பெரிய பயம்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: பசுவும் ஆடும் குரங்கும் சுலபமாக ஈனுகின்றன, மனுஷிக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? நாலு காலில் நடக்கிற விலங்குக்கு இடுப்பெலும்பின் வழி ஏறக்குறைய நேராக இருக்கிறது. நாம் இரண்டு காலில் நிமிர்ந்தோம். உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கியது. எலும்பு அதற்கேற்ப மாறி, வழி வளைந்தது. அதே நேரம் பிள்ளையின் தலை பெருத்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிண்ணத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு இதை எனக்கு விளக்குவாள். மதராஸிலிருந்து ஒரு கருங்குரங்கின் இடுப்பெலும்பைத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். நாத்தனார் அதை வீட்டுக்குள் விடவில்லை. அது மாட்டுத்தொழுவத்துப் பரணில் இருந்தது.

லீவில் வந்தால் அளக்கப் போய்விடுவாள். மணவாளக்குறிச்சியில் மணல் சுமக்கிற பெண்கள், எங்கள் ஊர்க் கல் உடைக்கிற பெண்கள், நாற்று நடுகிறவர்கள். வளைந்த இரண்டு கை உள்ள ஓர் அளவுகோல் வைத்திருந்தாள். முதலில் சிரித்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். படுத்திருக்கும்போது ஒரு அளவு, குந்தியிருக்கும்போது ஒரு அளவு எடுப்பாள். இரண்டும் ஒன்றாக இல்லை என்று ஒருநாள் ஓடிவந்து சொன்னாள். ஒரே ஆளின் எலும்பு படுத்தால் ஒன்று குந்தினால் ஒன்று என்று எப்படி மாறும், நீ தப்பாக அளந்திருப்பாய் என்றேன். எலும்பு மாறவில்லை, எலும்பும் எலும்பும் சேருகிற இடம் சூல் காலத்தில் இளகுகிறது என்றாள். எனக்கு அது மனதில் நிற்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

கல்தச்சர் செய்தி சொல்லிப் போனபின் மூத்தவள் என் கையைப் பிடித்து, அப்பா வந்தாச்சா என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அடுத்த வலி வந்தது. முடி தெரிந்தது. போனது. நர்சம்மா குழலை வைத்துக் கேட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நான் கேட்டறிந்தேன்: இந்தத் துடிப்பில் பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது, அதற்கப்புறம் தாயும் தாங்குவாளா என்று சந்தேகம்தான் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இளையவள் அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். கட்டிலருகே வந்து அக்காவின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு நர்சம்மாவைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"இவளக் கீழ இறக்கணும். குந்த வைக்கணும்."

நாத்தனார்தான் முதலில் பேசினார். "ஏட்டி, உனக்கு மூளை கலங்கிப்போச்சா? நம்ம வீட்டுலயா? தேக்குக் கட்டில் கெடக்க, மண்ணுல குந்த வச்சுப் பெத்தாவன்னு ஊரு சிரிக்கணுமா?"

"அத்தே, இந்தக் கட்டில்தான் அவளுக்க வால்எலும்ப அமுக்குது. தலை அங்கதான் தட்டுது. குந்தினா அது பின்னால போவும், வழி விரியும். நான் அளந்திருக்கேன்."

"நீ கொரங்க அளந்திருக்கே."

"மனுசரையும் அளந்திருக்கேன்."

பயிற்சியில் நர்சம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது மல்லாந்த நிலை ஒன்றுதான். டாக்டரம்மா இல்லாதபோது அதை மாற்றி, ஏதாவது ஆகிவிட்டால் அவள் வேலை போகும். அவள் விதவை, இரண்டு பிள்ளைகள் உண்டு. அவள் என்னைப் பார்த்தாள். நாத்தனாரும் என்னைப் பார்த்தார். பெற்றவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. ஒரு மகள் கட்டிலில் சாகக் கிடக்கிறாள். மற்ற மகள் தன் படிப்பு முழுவதையும் என் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள். அது பொய்த்தால் இருவரையும் இழப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. இவள் அதற்கப்புறம் ஒரு புத்தகத்தைத் தொடமாட்டாள்.

"உனக்கு நிச்சயம் உண்டா மக்கா?" என்று கேட்டேன்.

உண்டு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நான் நம்பியிருக்கமாட்டேன். அவள் சொன்னது வேறு.

"வழி விரியும்ங்கது நிச்சயம். அது போதுமாண்ணு தெரியாது. ஒரே ஒரு வலிக்கு வச்சுப் பாப்போம் அம்மா. நர்சம்மா கைவிட்டுப் பாக்கட்டும். தலை நகரலேண்ணா திரும்பக் கட்டில்லயே போடலாம்."

இறக்குங்கள் என்றேன்.

நாத்தனாரும் கைகொடுக்க, நாங்கள் மூன்று பேரும் அவளைத் தூக்கி இறக்கினோம். அதற்குள் வேறொரு வெள்ளை விரிப்பைத் தரையில் விரித்து, அதன்மேல் வெந்நீரில் அலசிய துணியைப் போட்டாள் நர்சம்மா. அந்த ஒழுங்கை மட்டும் அவள் விடவில்லை. மூத்தவளுக்குத் தானாகக் குந்தியிருக்கத் தெம்பில்லை. பின்னால் சாய ஆள் வேண்டும். இளையவள் முக்காலியை இழுத்துப் போட்டு, "அத்தே, நீங்க இரியுங்க" என்றாள். நாத்தனார் கனத்த உடம்புக்காரர். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, மூத்தவளைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே தாங்கி, கக்கத்துக்குள் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை நான், மறு கையை இளையவள்.

வலி வந்தது. என் மகள் அதுவரை எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பினாள். அது அழுகையாக இல்லை. பாரம் தூக்குகிறவர்கள் எழுப்புகிற சத்தமாக இருந்தது. நர்சம்மா தரையில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு கையை வைத்திருந்தாள். வலி போனது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"திரும்பிப் போகல்ல" என்றாள் நர்சம்மா. "இஞ்சயே நிக்குது."

அதற்கப்புறம் கட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வலியில் தலை எலும்பைத் தாண்டியது. நர்சம்மா, மெள்ள, மெள்ள, முக்காதே, ஊது என்றாள். நாத்தனாரும் சேர்ந்து ஊதினார். அதற்கடுத்த வலியில் தலை முழுதாக வெளியே வந்தது. தோள் திரும்பியது, பிறகு வழுக்கிக்கொண்டு எல்லாம் வந்தது. பெண் குழந்தை. நீலம் பாய்ந்து, துவண்டு, சத்தமில்லாமல் இருந்தது.

நர்சம்மா வாயைத் துடைத்து, முதுகைத் துண்டால் தேய்த்தாள். காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். இளையவள் உதடு அசையாமல் நின்றாள். ஜெபித்தாளா எண்ணினாளா தெரியாது, நான் கேட்டதில்லை. பிறகு தும்மல் போல ஒன்று. பிறகு ஒரு வீறிடல். மழையையும் மீறி அது தெருவுக்குக் கேட்டது என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். நீலம் நெஞ்சிலிருந்து தொடங்கி விலகி, விரல் நுனிவரை சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூத்தவள் சிரித்தாள். "என்ன பிள்ளை?" என்றாள். சொன்னோம். "அப்பாவுக்குப் பிடிக்கும்" என்றாள்.

"யாராவது என்னத் தூக்குங்கட்டி" என்றார் நாத்தனார் முக்காலியிலிருந்து. "எனக்க முட்டு போச்சு." இளையவள் தூக்கிவிடப் போனபோது அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார். "கொரங்குப் படிப்பு கொள்ளாம் பிள்ளே" என்றார். அதற்கப்புறம்தான் இளையவள் அழுதாள், அதுவும் அடுக்களையில் போய்.

அந்தப் பேத்தி இப்போது வீட்டில் ஒரு பாத்திரத்தை நிமிர்ந்து நிற்கவிடுவதில்லை. தூங்கும்போது சில நேரம் நான் எழுந்துபோய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மழை பெய்தால் கட்டாயம் பார்ப்பேன். இளையவளின் ஆராய்ச்சியை மதராஸில் ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஊரிலிருந்து அப்படி ஒரு பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். மூப்பரே சபையில் அறிவிப்புச் செய்தார். எதைப் பற்றிய ஆராய்ச்சி என்பதை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டார்.

பேறு நடந்த அன்று விளக்கேற்றுகிற நேரத்தில் டாக்டரம்மா வந்தார். ஆற்றைச் சுற்றிக்கொண்டு, பாதித் தூரம் நடந்து, என் கணவர் பிடித்த குடை திரும்பிப்போய், சேலை முழங்கால்வரை சேறாக வந்தார். கையில் ஆயுதப் பெட்டி. வாசலில் குழந்தையின் அழுகையைக் கேட்டதும் நின்று பெட்டியைக் கீழே வைத்தார். என் கணவர் குடையைப் போட்டுவிட்டு, என்ன பிள்ளை என்று வாசலிலிருந்தே கேட்டார். டாக்டரம்மா கைகழுவி, தாயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கிழிசல் உண்டா என்று பார்த்தார். தைக்க ஒன்றும் இல்லை. நர்சம்மா, யாரும் கேட்குமுன்பே, தரையில் குந்தவைத்துப் பெறவைத்தோம் என்று நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, தலைகுனிந்து நின்றாள்.

டாக்டரம்மா ஈரத் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு இளையவளைத் தேடினார். அவள் கதவோரம் நின்றாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. எனக்கு இங்க ஒரு சோலியும் மிச்சமில்ல" என்றார். "இப்படி எனக்க பக்கத்துல வந்து இரு மக்கா. என்ன அளந்தே, எப்படி அளந்தே, மொதல்ல இருந்து சொல்லு. நான் படிச்சதுல இது இல்ல."