கத்தரி சேர்த்துவைத்த மௌனங்கள்

கத்தரி ஓயாமல் பேசுவார். தேநீர் வருவதற்கு முன் ஒரு கதை, அது ஆறுவதற்குள் இன்னொன்று, குவளையைக் கழுவப் போகும் வழியில் மிச்சம். அப்படிப்பட்டவர் சம்பளம் வாங்கியது அடுத்தவர் பேச்சை வெட்டுவதற்கு. பட்டப்பெயர் வந்த வழி அதுதான். வீட்டிலும் அவருக்கு அதே பெயர் என்று சொல்வார். ஆனால் அங்கே வெட்டுகிறவர் அவர் மனைவியாம்.

தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். நடுவில் ஒரு மேசை, இரண்டு மைக், கிரீச்சிடாத இரண்டு நாற்காலிகள். கிரீச்சிடாத நாற்காலி கிடைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. வாரம் ஒருமுறை மேடைக் கலைஞர் ஒருவரை அங்கே உட்காரவைத்து, மனம்விட்டுப் பேசச் சொல்லி, அரை மணி நேர நிகழ்ச்சியாக ஒலிபரப்பினோம். கேள்வி கேட்பவன் நான். எல்லாரிடமும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன்: "மேடையை விட்டு எறங்கினதுக்கப்புறம் நீங்க யாரு?" ஒரு மந்திரவாதி தன் மனைவியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவளைக் கேளுங்கள் என்றார். பொம்மையைப் பேசவைப்பவர் ஒருவர் மடியில் இருந்த பொம்மையைப் பார்த்தார். பொம்மை, "அது தெரிஞ்சா இவன் ஏன் என்னைத் தூக்கிட்டு அலையறான்?" என்றது. மனம்விட்டுப் பேசுவதென்றால் எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

கத்தரியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இளவயதில் அவரும் நடிக்க வந்தவர்தான். ஒரே நாடகம், பிண வேடம். கிடந்தது நன்றாகத்தான் கிடந்தாராம். மூச்சு விட்டதுதான் குறை. இரண்டாவது வரிசையில் இருந்த குழந்தை, "அம்மா, செத்தவர் வயிறு ஆடுது" என்று கத்த, அத்துடன் மேடை அவரை விட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம் திரைக்குப் பின்னால் ஒலிக்கருவிகளோடு கழிந்தது.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு. பேச்சை வெட்டினால் வெட்டிய இடம் கிணறு மாதிரி ஆகிவிடும். சத்தமே இல்லாத இடத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதில் வேறொரு மௌனத்தை வைத்துத் தைக்க வேண்டும். அறையின் மெல்லிய இரைச்சலோடு, ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்கிற உணர்வோடு, உயிருள்ள மௌனமாக இருக்க வேண்டும். நல்ல மௌனம் கிடைத்தால் கத்தரி தனியாக எடுத்து வைத்துக்கொள்வார். எங்கிருந்து எடுத்தது, எத்தனை விநாடி, எந்த நிகழ்ச்சியில் எவ்வளவு ஒட்டினார் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைப்பார். யாருடைய மௌனத்தையும் யார் வாயிலும் வைக்கலாம் என்பது அவர் கட்சி. "வார்த்தைக்குத்தான் சார் சொந்தக்காரன் உண்டு" என்பார்.

கட்சி உடைந்தது ஒரு நகைச்சுவை நடிகையால். அவருடைய பேட்டி ஒலிபரப்பான மறுநாள் காலை தொலைபேசியில் வந்தார்.

"என் பேச்சுக்கு நடுவுல மூச்சு விடறது யாருங்க?"

"நீங்கதாம்மா" என்றேன்.

"நானா? எனக்கு மூக்கு அடைச்சுப் பத்து வருஷம் ஆச்சு. எனக்கு இவ்வளவு அழகா மூச்சு வராது. பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. கேட்டதுலேருந்து எனக்கு வீட்ல தனியா இருக்கவே ஒரு மாதிரியா இருக்குங்க."

கத்தரி நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. 'கதைசொல்லி. மகள் பற்றிய கேள்விக்குப் பின். 41 விநாடி. முதல் தரம்.'

அந்தக் கதைசொல்லியைப் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, இடதுபக்கம் நின்று மகள் இரண்டாம் குரல் கொடுப்பாள். பேட்டி தந்த மூன்றாம் மாதம் அவர் இறந்துபோனார். அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. அடுத்த நிகழ்ச்சியில், எங்கள் கத்தரி மௌனங்களைச் சேர்த்துவைக்கிறவர் என்றும், அவற்றில் உயர்ந்த ரகம் ஒரு கதைசொல்லி தன் மகளைப் பற்றிக் கேட்டபோது தந்தது என்றும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைத்தவற்றில் இதுவும் ஒன்று.

மூன்றாம் நாள் அந்த மகள் மாடியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எண்களைக் கூப்பிடும் வேலை. வேலை உடையிலேயே வந்திருந்தாள்.

"அப்பா யோசிச்சாரா சார்?" என்றாள். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

நான் அன்று கேட்டிருந்த கேள்வி, உங்களுக்குப் பிறகு உங்கள் மகள் தனியாகக் கதை சொல்வாளா என்பது. ஒலிபரப்பில் அவர் பதில் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது: "வேண்டாம். அவ வேண்டாம்."

"நான் சமையலறையில கேட்டுட்டிருந்தேன். அவர் பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. ஆறு வயசுலேருந்து அவர் பக்கத்துல நின்னவ நான். பட்டுனு சொல்லிட்டாரு."

"நீங்க அவர்கிட்ட கேக்கலியா?"

"எங்க வீட்ல எல்லாரும் மேடையில பேசறவங்க சார். வீட்ல பேச ஆள் இல்ல."

அன்றோடு அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு நூலகம் கூப்பிட்டிருக்கிறது, தனியாக வந்து சொல்லும்படி. இரண்டு முறை தட்டிக் கழித்துவிட்டாள். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடப் போவதில்லை.

கத்தரி எழுந்து நின்றார். "பட்டுனு சொல்லலம்மா. பட்டுனு ஆக்கினது நான். நிகழ்ச்சி நீளமாயிடுச்சுன்னு அந்த எடத்துல வெட்டினேன். நாப்பத்தொரு விநாடி."

"எண்ணைச் சொல்லாதீங்க சார். நாள் முழுக்க எண்தான் கூப்பிடறேன். எனக்குக் கேக்கணும்."

கேட்பதற்கு எதுவும் இல்லை. முழுப் பதிவுகளை ஆறு மாதத்தில் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். மௌனங்கள் இருந்த கணினி வட்டு போன வாரம் உயிரை விட்டுவிட்டது. மிஞ்சியது ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் மட்டும். கதைசொல்லியின் மௌனம் அவற்றில் பத்தொன்பது நிகழ்ச்சிகளில், இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று சிதறிக் கிடந்தது.

"பிரிச்சு எடுத்துத் தர்றேம்மா" என்றார் கத்தரி. "வியாழக்கிழமை வாங்க."

வாழ்நாள் முழுக்க வெட்டியவர், தைத்ததைப் பிரிக்க உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு நிகழ்ச்சியாகத் திறந்தார். நடனக்காரம்மா ஒருவர் தன் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தைக் கேட்டு, 'அதில் அவர் வாழ்க்கையே தெரிந்தது' என்று நேயர் ஒருவர் எங்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது கதைசொல்லி. மந்திரவாதி மனைவியின் எண்ணைத் தரும் முன் தயங்கும் இடத்தில் இருந்தவரும் அவரே. பொம்மை பதில் சொல்வதற்கு முன்னாலும் அவர்தான். ஊரில் உள்ள கலைஞர்கள் எல்லாம் தாங்கள் யார் என்று யோசித்தபோது, அவர்களுக்காக யோசித்துக்கொண்டிருந்தவர் இறந்துபோன இந்த ஒரு மனிதர்.

இரண்டாம் நாள் கத்தரி பேச்சை நிறுத்திவிட்டார். தேநீர் வந்தது, குடித்தார், குவளையைக் கழுவி வைத்தார். கதை எதுவும் வரவில்லை. அவர் பேசாமல் இருக்கும் அறையில் உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. கீழே தையல் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சத்தம் அன்றுதான் எங்கள் மெத்தைகளைத் தாண்டி வருகிறது என்று தெரிந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். ஹெட்ஃபோனைக் கழட்டினாலும் அவர் மூச்சு நிக்க மாட்டேங்குது. நேத்து வீட்ல சாப்பிடறப்போ, பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பொண்டாட்டியைக் கேட்டுட்டேன். அவ பதிலே சொல்லல. அவ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல சார்."

முப்பத்தெட்டு விநாடி சேர்ந்தது. மூன்று விநாடி இல்லை. நோட்டில் அதற்கு நேரே எழுதியிருந்தது: '22 முதல் 25. வாய்ச் சத்தம். உதவாது.' உதவாததால் எங்கும் ஒட்டவில்லை. ஒட்டாததால் எங்கும் பிழைக்கவில்லை.

"வாய்ச் சத்தம்னா?"

"இருமலா இருக்கலாம். நாக்கு ஒட்டிப் பிரியற சத்தமா இருக்கலாம். ஏதாவது சொல்ல ஆரம்பிச்சு நிறுத்தினாருன்னாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்களே சார். என்ன பண்ணினாரு?"

நான் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். கைக்கெட்டும் தூரம். அடுத்த கேள்வி என்ன என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அவள் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஒலிபெருக்கி வைத்திருந்த மேசைக்கு இடதுபக்கம் போய் நின்றுகொண்டாள். கத்தரி ஓடவிட்டார். என் குரல் கேள்வியைக் கேட்டது. பிறகு மூச்சு தொடங்கியது, நிதானமாக, கொஞ்சம் கனமாக. பத்தொன்பது பேரின் வாயிலிருந்து பிடுங்கி வந்தது என்று சொன்னால் நம்ப முடியாது. மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அவள் கையைத் தூக்கினாள்.

"இது அப்பா இல்ல."

கத்தரி நிறுத்தினார்.

"நடுவுல கொஞ்ச நேரம் வேற யாரோ உக்காந்திருக்காங்க. யாரு சார் அது?"

கத்தரியின் காது சிவந்துவிட்டது. "நான்தாம்மா. மூணு விநாடி கெடைக்கல. ஓட்டையோட குடுக்க மனசு வரல. நேத்து இதே நாற்காலியில உக்காந்து என் மூச்சைப் பதிவு பண்ணி வெச்சு ஒட்டினேன். தெரியாதுன்னு நெனச்சேன்."

"எங்க அப்பா மூச்சை வெச்சுத்தான் சார் நான் எப்போ பேசணும்னு தெரிஞ்சுப்பேன். இருவது வருஷமா. ஓட்டையோடவே போடுங்க."

அவர் தன் மூச்சை வெட்டி எடுத்தார். மறுபடி முதலிலிருந்து ஓடியது. இருபத்திரண்டாம் விநாடியில் மூச்சு அறுந்தது. அறை கிணறாகிவிட்டது. மூன்று விநாடிக்குப் பின் அவர் திரும்பி வந்தார், எதுவும் நடக்காதவர்போல. கடைசியில் மூக்கால் ஒருமுறை மூச்சை இழுத்தார். "வேண்டாம். அவ வேண்டாம்."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா மூக்கால இழுத்தாரே, கேட்டீங்களா?" என்றாள். "கதையில பொய் சொல்ற ஆள் வந்தா, அவனா பேசறதுக்கு முன்னாடி அப்பா அப்படித்தான் இழுப்பாரு. ஜனங்களுக்குத் தெரியாது. எனக்கான அடையாளம் அது."

கத்தரியின் முகம் மலர்ந்தது. "அப்போ அவர் மனசுல..."

"அவசரப்படாதீங்க சார். சளி பிடிச்சாலும் அப்படித்தான் இழுப்பாரு." சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "பட்டுனு சொன்னாருன்னா கோவம்னு விட்டிருக்கலாம். நாப்பது விநாடி யோசிச்சுட்டு வேண்டாம்னு சொன்னாருன்னா, அது இன்னும் மோசம் இல்லையா? இல்ல, வேஷம் கட்டிச் சொன்னாரா? மைக் முன்னாடி எங்க அப்பா ஒரு நாளும் உக்காந்ததில்ல சார். எப்பவும் வேற யாராவதுதான் உக்காந்திருப்பாங்க."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லாமல் இருந்தேன். கேள்வி கேட்பவனுக்கு அது தாமதமாக வரும் பழக்கம்.

"இதை ஒரு பிரதி போட்டுத் தரட்டுமாம்மா?" என்றார் கத்தரி.

"வேணாம். வீட்ல வெச்சா தினமும் கேப்பேன். கேட்டுக் கேட்டு அந்த மூணு விநாடியில எனக்கு வேணுங்கற வார்த்தையை நானே கேக்க ஆரம்பிச்சுடுவேன். கதை சொல்றவளாச்சே."

அங்கேயே கைபேசியை எடுத்து நூலகத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பேசியவர் உரத்த குரல்காரர், எங்களுக்கும் கேட்டது. யாராவது துணைக்கு வருவார்களா, எத்தனை மைக் வைப்பது என்று கேட்டார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கத்தரியின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. அவரே பார்வையை இழுத்துத் தரையில் போட்டார்.

"தனியாத்தான் வர்றேன்" என்றாள். "மைக் வேண்டாம். சின்ன ரூமா குடுங்க, எல்லாரையும் கிட்ட வந்து உக்காரச் சொல்லுங்க. இன்னொண்ணு, யாரும் எதையும் பதிவு பண்ணக் கூடாது."

மறுமுனை சம்மதித்தது. அவள் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து, "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்" என்றாள். கத்தரி தலையை மட்டும் ஆட்டினார்.