சிவப்பு வட்டம் போட்ட மெத்தை

கைது நடந்த அன்று காலை எங்கள் பக்கத்தின் இன்பொக்ஸ் நிரம்பி வழிந்தது. நுரைச்சோலையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, மூன்று போன், சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. இதுதான் எங்கள் செய்தி நிறுவனம். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை நடக்கிற விபத்து, வெள்ளம், திருவிழா, கந்தூரி, காணாமல் போன மாடு எல்லாம் எங்கள் பேஸ்புக் பக்கத்தில் வரும். நான் அதில் அட்மின். வருகிற கமெண்டுகளைப் படிப்பதும், கெட்ட வார்த்தை இருந்தால் ஹைட் பண்ணுவதும் என் வேலை. இந்தத் தொழிலில் நான்கு வருடம் தாக்குப்பிடித்தாலே மூத்த ஆள். அந்தக் கணக்கில் நான் மூத்தவள். புதிதாக இந்தக் கதிரையில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மீன் முதலாளி ஒருவர் களப்புக் கடலேரியின் ஓரத்தில் கொலைசெய்யப்பட்டுக் கிடந்தார். சில நாளில் செபஸ்தியான் என்ற மீனவரைப் பொலிஸ் பிடித்தது. நீதவான் அவரை விளக்கமறியல் சிறையில் வைக்கச் சொன்னார். பொலிஸ் சொன்னது அவ்வளவுதான். ஏன் கொன்றார், கொன்றது அவர்தானா என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு வீடியோ அனுப்புகிற பையன் செபஸ்தியானின் வீட்டைத் தெருவிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தான். வீட்டு வாசலில் ஒரு லொறி. அதில் படகு எஞ்சின், வலை, பெரிய சட்டி பானை, கோழிக்கூடு, மேலே பிளாஸ்டிக் உறை கழற்றாத புது டபுள் மெத்தை ஒன்று. எங்கள் முதலாளி ரிஸ்வான் நானா அதற்குத் தலைப்புப் போட்டார்: "கைதானவரின் வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய நிலையில் லொறி."

கமெண்டுப் பெட்டிக்குள் நடந்த விசாரணை

முதல் கமெண்ட்: "தப்பி ஓட ரெடியா இருந்திருக்கான்." அதற்குக் கீழே ஒருவர் கட்டாரிலிருந்து: "பிளான் பண்ணின கொலை. சாமானை முதலே கட்டிட்டுத்தான் செஞ்சிருக்கான்." பிறகு ஒருவர் வீடியோவிலிருந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மெத்தையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். "மீன் பிடிக்கிறவனுக்கு டபுள் மெத்தை எதுக்கு? ஆர் வாங்கிக் குடுத்தது?" அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பதிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். செத்துப்போன மீன் முதலாளி வாங்கிக் கொடுத்தாராம். செபஸ்தியானின் மனைவிக்காம். முதலாளியின் வண்டி அந்த வீட்டு வாசலில் அடிக்கடி நிற்குமாம். காரணம் கிடைத்துவிட்டதாம், பொலிஸுக்குத்தான் விளங்கவில்லையாம். ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவே போட்டார், நேரில் பார்த்தவர் மாதிரி.

இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் அந்த லொறி புதிதல்ல. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கக் கடல் படகை இறக்க விடாது. அப்போது குடும்பம் குடும்பமாக எஞ்சினையும் வலையையும் அடுப்பையும் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவார்கள். அங்கே தென்னோலைக் கிடுகால் வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டு, சீசன் முடியும்வரை இருந்து பிடிப்பார்கள், காயவைப்பார்கள், திரும்பி வருவார்கள். வருடா வருடம் இதே நாட்களில் தெருவுக்கு இரண்டு லொறி நிற்கும். முதலாளியின் வண்டி அந்த வாசலில் நின்றதும் உண்மை. கருவாடு நிறுக்க அந்த ஒழுங்கையில் எல்லா வாசலிலும்தான் நின்றது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு மறந்திருக்கலாம். என்னைக் கொதிக்க வைத்தது மற்றது. கமெண்டுக்கு லைக் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் பேர் இந்தக் கரையில் இருக்கிற எங்கள் ஆட்கள். அதில் ஒருவரின் முகப்புப் படத்திலேயே வாடி இருந்தது. தன் வீட்டு லொறிக்குக் கயிறு கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்த வீட்டு லொறியைப் பார்த்துத் "தப்பி ஓடுறான்" என்று எழுதுகிறார்கள்.

நானாவிடம் போனேன்.

"நானா, அது வாடிக்குப் போற சாமான்."

"எனக்குத் தெரியாதா புள்ள? எங்கட மாமாட லொறியும் நேத்துத்தான் போச்சு."

"அப்ப ஏன் அப்படித் தலைப்புப் போட்டீங்க?"

"எப்படிப் போட்டேன்? வாசல்ல லொறி நிண்டதா இல்லையா? சாமான் ஏத்தினதா இல்லையா? பொய் ஒரு எழுத்துக் காட்டுங்க பாப்பம்."

காட்ட முடியவில்லை. அதுதான் அந்தத் தலைப்பின் கெட்டித்தனம்.

"கமெண்டையாவது மூடுவம் நானா. அந்தப் பொம்பிளைய இழுக்கிறாங்க."

"ரீச் எப்படிப் போகுதுண்டு பாருங்க முதல்ல. நீங்க கெட்ட வார்த்தைய மட்டும் எடுங்க. மத்தது சனங்கட கருத்து."

மெட்டில்டா அக்கா

அடுத்த நாள் படியேறி ஒரு பெண் வந்தார். செபஸ்தியானின் மனைவி மெட்டில்டா. அழுதுகொண்டு வருவார் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இந்தப் பேஜ்ல எழுதுறது ஆரு தங்கச்சி? நீங்களா?"

"கமெண்ட் பார்க்கிறது நான் அக்கா. எழுதுறது வேற ஆக்கள்."

"அழிக்கச் சொல்லி வரல்ல. எத்தினைய அழிப்பீங்க? எனக்கு லொறியில இடமில்லையெண்டு சொல்லிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தன். எழுதினவங்களுக்குத் தெரியட்டும்."

செபஸ்தியான் பிடிபட்டாலும், அவரோடு தொழில் செய்கிற கூட்டத்தோடு மெட்டில்டா வாடிக்குப் போவதாகத்தான் முதலில் பேச்சு. சமைப்பதும் கருவாடு போடுவதும் எப்போதும் அவர் வேலை. சீசனை விட்டால் அடுத்த சீசன்வரை அவருக்கு வேறு தொழில் இல்லை. ஆனால் கூட்டத்தை நடத்துகிற சம்மாட்டியின் மனைவி பிலோமினா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாராம், இந்த முறை வேண்டாமென்று.

"மனுசன் உள்ளுக்கு இருக்கிறதால இல்ல தங்கச்சி. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல. என்னைப் பத்திக் கதை வந்திட்டாம். ஒரே வாடிக்குள்ள அவங்கட ஆம்பிளையளோட நான் எப்படி இருக்கிறதாம்."

"நீங்க அந்த மெத்தை ஆருடையெண்டு..."

"மெத்தையா?" அவர் சிரித்த சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. "நான் பாயில படுக்கிறவ. பிலோமினா அக்காட்டப் போய்க் கேளுங்க."

கேட்டேன்

எனக்கு ஒரு இடத்தில் இருக்கத் தெரியாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல்துறைப் பக்கம் போனேன். வீடியோவில் பார்த்த அதே லொறி இப்போது பிலோமினாவின் முற்றத்தில் நின்றது. அவரின் கணவர், சம்மாட்டி, மேலே ஏறிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். மெத்தையும் அதே இடத்தில் இருந்தது. நான் போனைக் கையில் பிடித்து ரெக்கோட் பட்டனை அழுத்தினேன்.

"அக்கா, இந்த மெத்தை ஆருட?"

"என்டதான். இடுப்பு நாரி நோவுக்கு மகன் வாங்கித் தந்தது. ஏன்?"

ஒரு கூட்டத்துக்கு ஒரே லொறிதான். வீடு வீடாகப் போய்ச் சாமான் ஏற்றும். பிலோமினா வீட்டில் ஏற்றிவிட்டு செபஸ்தியான் வீட்டுக்குப் போன நேரத்தில்தான் பொலிஸ் வந்திருக்கிறது. அந்த லொறியில் செபஸ்தியான் வீட்டுச் சாமான் ஒன்றுகூட அதுவரை ஏறவில்லை.

"இந்த மெத்தைக்கு வட்டம் போட்டு ஊரெல்லாம் அனுப்புறாங்க. முதலாளி மெட்டில்டா அக்காக்கு வாங்கிக் குடுத்ததாம்."

"பார்த்தன்."

"பார்த்தீங்களா? அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லல?"

"என்னெண்டு சொல்ல? என்ட மெத்தையெண்டு சொன்னா, முதலாளி எனக்கு வாங்கித் தந்தாரெண்டு எழுதுவானுகள்."

மேலே இருந்து சம்மாட்டி குரல் கொடுத்தார். "எழுத மாட்டானுகள். முதலாளிக்குக் கண் நல்லாத் தெரியும்."

"வாயை மூடிட்டுக் கயித்தைக் கட்டுங்க."

நான் சிரிக்கவில்லை. "அக்கா, மெட்டில்டா அக்காவப் பத்திக் கதை வந்திட்டெண்டுதானே இடமில்லையெண்டீங்க? அந்தக் கதை தொடங்கினதே உங்கட மெத்தையிலதான்."

பிலோமினா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"அதை நிப்பாட்டு."

நிறுத்தினேன். எடுத்ததையும் அவர் கண் முன்னே அழித்தேன். வீடியோவாகப் போட்டிருந்தால் கணக்கில்லாமல் ஓடியிருக்கும். ஆனால் அவர் பயந்தது வெறும் பயமில்லை. வட்டம் போடுகிறவர்களுக்கு இன்னொரு பெண் கிடைத்திருப்பார்.

பிலோமினா லொறியைச் சுற்றி நடந்தார். கோழிக்கூட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு மேலே பார்த்துக் கணவரிடம் சொன்னார்: "அந்தப் பின்பக்கம் கொஞ்சம் ஒதுக்குங்க. மெட்டில்டாட சட்டி பானை வைக்கணும்." என்னிடம் திரும்பி, "நாளைக்கு விடிய வெளிக்கிடுறம். அவளிட்டச் சாமானைக் கட்டி வைக்கச் சொல்லு" என்றார்.

பிறகு வந்த வீடியோ

அலுவலகத்துக்குத் திரும்பி, பெயர் எதுவும் போடாமல், அது வாடிக்குப் போகும் லொறி, பல வீட்டுச் சாமான் அதில் இருந்தது என்று ஒரு திருத்தம் எழுதி, மற்றக் கமெண்டுகளுக்கு மேலே நிற்கும்படி பின் பண்ணி வைத்தேன். அதற்குக் கீழே வந்த முதல் பதில்: "அட்மினுக்கு எவ்வளவு கிடைச்சது?" இரண்டாவது: "சரி, மெத்தைய விடுங்க. அப்ப காரணம் காணிப் பிரச்சினைதான்." அடுத்த காரணத்துக்குப் போய்விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை.

மறுநாள் காலையில் இன்பொக்ஸில் ஒரு வீடியோ வந்தது. மெட்டில்டா லொறியின் பின்பக்கம் ஏறி உட்காருகிறார். பிலோமினா அவரிடம் ஒரு பையை நீட்டுகிறார். லொறி புறப்படுகிறது. அனுப்பியவர் எழுதியிருந்தார்: "இப்ப அவளும் ஓடுறா. உடனே போடுங்க." வீடியோவின் ஓரத்தில், எடுத்தவரின் முற்றத்தில், அரைவாசி ஏற்றிய இன்னொரு லொறி நின்றது.

நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நல்லா ஓடும் புள்ள. போடுவமா?"

"போடுவம் நானா. தலைப்பை நான் எழுதுறேன்." தட்டச்சுச் செய்து காட்டினேன்: "சீசனுக்குப் போகும் மீனவக் குடும்பங்கள்."

அவர் வாசித்தார். "இதை ஆரு பார்ப்பா?"

"பொய் ஒரு எழுத்துக் காட்டுங்க பாப்பம்."

அவர் தன் மேசைக்குப் போனார். அந்த வீடியோ எங்கள் பக்கத்தில் வரவில்லை. வேறு பக்கங்களில் வந்திருக்கலாம். நான் தேடிப் பார்க்கவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. செபஸ்தியான் செய்தாரா, செய்தால் ஏன் செய்தார், எனக்குத் தெரியாது. இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது. இந்தக் கதிரைக்கு வருகிற உங்களுக்கு நான் கற்றுத் தரக்கூடியது இந்த ஒரு சொல்தான். கமெண்டில் ஆள் வந்து "காரணம் என்ன அட்மின்?" என்று கேட்கும்போது, "தெரியாது" என்று எழுதிவிட்டு, கமெண்டை மூடுங்கள். ரீச் விழும். உங்கள் முதலாளி ஏசுவார். எங்கோ ஒரு பெண்ணுக்கு லொறியில் இடம் இருக்கும்.