போடிமெட்டில் தங்கவேல் சொன்னது

தங்கவேல் இறந்த செய்தியை எங்கள் அலுவலகப் பியூன்தான் சொன்னார். "ஏலக்கா கடை மேனேசர் தங்கவேலண்ணே காலையில போய்ட்டாராம் சார். உங்க சேக்காளிதான?" ஆமாம் என்றேன். கையிலிருந்த பட்டா மாறுதல் மனுவைப் படித்து முடித்தேன். அடுத்த மனுவை எடுத்தேன். சாயங்காலம் அவன் ஊரான சிலமலைக்குப் போய் மாலை போட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

பதினாறாம் நாளுக்குக் கடைத்தெருக்காரர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு ஒரு பக்கம் எழுதும்படி அவன் மகன் கேட்டான். உங்களில் பலருக்கு அவர் மேனேஜர். எனக்கு வகுப்புத் தோழன். அவன் என்றே எழுதுகிறேன். எங்களுக்குள் இருபது வருஷத்துக்கு மேலாகப் பேச்சு அதிகம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புகழ்ந்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் இருவரும் மதுரையில் வணிகவியல் படித்தோம். கடைசி ஆண்டில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு கடையில் வேலை பழகி, முதலாளியிடம் சான்று வாங்கி வர வேண்டும். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் பழகப் போன இடத்திலேயே வேலைக்கு நின்றுவிட்டார்கள். எங்கள் வருஷத்தில் ஏலக்காய் விலை படுத்துவிட்டது. மூட்டைகள் கிட்டங்கியில் கிடந்தன. வடக்கிலிருந்து கேட்டு எழுதுவார் இல்லை. கல்லூரிக் கடிதத்தோடு போடியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். "இருக்கவனுக்கே சோலி இல்ல அப்பு, ஒங்களுக்கு எங்க போக?" என்றார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. தங்கவேல் படியிறங்கிக்கொண்டே சொன்னான்: "சோலி இல்லேன்னு சொல்றதுக்குன்னே கடைக்கு ஒரு ஆள் வச்சிருக்காக மாப்ளே. அந்தச் சோலியக் குடுத்தாக்கூட நான் பாத்துருவேன்."

கடைசியில் ஒரு முதலாளி இருவரையும் எடுத்துக்கொண்டார். முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்: "ரெண்டு மாசம் ரெண்டு பேரும் இருங்க. அதுக்கப்புறம் ஒருத்தரத்தேன் வச்சுக்க முடியும்." எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன். தம்பிகளின் படிப்பு என் வேலையை நம்பி நின்றது. தங்கவேல் வீட்டிலும் நிலைமை அதுதான். அன்று நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மலையில் முதலாளியின் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் எங்களுக்கு வேலை. நான் மேசையில் உட்கார்ந்து ஆங்கிலக் கடிதங்கள் எழுதினேன். தங்கவேல் காய் பிரிக்கும் பெண்களோடு தரையில் உட்கார்ந்தான். அவர்கள் அவனை விட்டுவைக்கவில்லை. "என்னண்ணே, காலேசுல காய எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் குடுத்தாகளா?" என்றாள் ஒருத்தி. "வாசிச்சிட்டேன் ஆத்தா. ஒன் மொறத்துல நாலு பிழை இருக்கு" என்று நான்கு வெடித்த காய்களைப் பொறுக்கி அவள் கையில் வைத்தான். ஒரு மாதத்தில், கண்ணை மூடி முகர்ந்தே காயின் தரம் சொன்னான். பல்லைக் காட்டிப் பொழுது போக்குகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

மழை விடாத ஒரு வாரத்தில் பம்பாய் வியாபாரி ஒருவர் மாதிரிக் காய் கேட்டு எழுதியிருந்தார். அந்தப் பருவத்தில் வந்த ஒரே கடிதம் அது. ஐந்து சின்னத் துணிப் பைகளில் மாதிரி கட்டி, மறுநாள் ஜீப்பில் போடிக்குக் கொண்டுவரும் பொறுப்பை முதலாளி எனக்குக் கொடுத்தார். "பனி படாம கொண்டா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். என் தகரப் பெட்டியைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. துணிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். துணிக்காக அம்மா போட்டுவிட்ட பாச்சை உருண்டைகளும் அதற்குள்தான் இருந்தன. பக்கத்திலிருக்கும் எந்த வாடையையும் ஏலக்காய் இழுத்துக்கொள்ளும் என்று அந்தப் பெண்களில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தங்கவேலோடு ஜீப்பில் இறங்கினேன். கடையில் முதலாளி முதல் பையை அவிழ்த்து முகர்ந்தார். ஐந்தையும் முகர்ந்து வரிசையாக வைத்தார். "யார் பெட்டியில இருந்துச்சு?" என்றார். தங்கவேல் என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. முதலாளி எழுந்து வந்து என் தோளருகே குனிந்து சட்டையை முகர்ந்தார். திட்டவில்லை. "துணிக்கு நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு மாதிரிக் காய் மலையிலிருந்து இறங்குவதற்குள் பம்பாய்க்காரர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். இரண்டு மாதம் முடிந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே வாசகத்தில் சான்று கிடைத்தது. தங்கவேலுக்கு வேலையும் கிடைத்தது.

நான் மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று வருஷமும் கேட்பவரிடமெல்லாம் ஒன்றைச் சொன்னேன்: ஜீப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான், வாடை அவனுக்குத் தெரிந்திருந்தது, வேலைக்காக வாயை மூடிக்கொண்டான். யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு வேலைக்காக யாரும் எதையும் செய்வார்கள் என்று நம்ப அப்போது எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார், "சேக்காளிக்கே இப்படின்னா?" என்று பின்வாங்கினார்கள்.

எனக்குத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த பிறகு, ஒரு நாள் பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்தான்.

"மாப்ளே, நான் சொல்லாம விட்டுட்டேன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக."

"பேசிக்கிறாக."

"ஒனக்குச் சோலி கெடச்சிருச்சுல்ல?"

"கெடச்சிருச்சு."

"அப்பப் பேசிட்டுப் போறாக. பஸ்சு வந்துருச்சு, வெரசா ஏறு."

அவன் கோபப்பட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்தப் பெருந்தன்மையை நான் மன்னிக்கவில்லை. மேனேஜரான பிறகு அவன் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களை வேலை பழக எடுத்தான், ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும். இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளும்படி நெருக்கிய ஆசிரியரிடம், "ஒரு நாற்காலிய ரெண்டு பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது சார்" என்றானாம். அதைக் கேள்விப்பட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மலருக்கு எழுதச் சொன்ன அன்று அவன் மகன் இன்னொன்றும் கேட்டான். "அப்பா தெரிஞ்சும் ஒங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டாரா மாமா? கேட்டா அவரு பேச்ச மாத்திருவாரு." அதற்கான பதிலை இங்கே சொல்கிறேன்.

உன் அப்பா சொன்னான். மலைமேல் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப் நின்றபோது, என் மடியிலிருந்த பைகளில் ஒன்றை எடுத்து முகர்ந்தான். "மாப்ளே, பாச்ச உருண்ட வாடைய இழுத்துருச்சு. மொதலாளி மோந்தா ஒன் கத முடிஞ்சுச்சு. எறங்கு, ஸ்டோருக்கு நடந்தே போயி வேற மாதிரிக் காய் கட்டிருவோம்."

"இன்னைக்குத் தபால் போயிரும்" என்றேன்.

"போனாப் போகுது. லேட்டுன்னு ரெண்டு பேரும் திட்டு வாங்குவோம், அம்புட்டுத்தேன்."

என்னைப் பிந்த வைத்து வேலையைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "ஒன் சோலியப் பாரு" என்றேன். அதற்குள் அவன் ஜீப்பிலிருந்து குதித்துக் கீழே நின்றிருந்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகுதான் ஏறிக்கொண்டான்.

அவனுடையதென்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நானும் இறங்குவேன் என்று, மழைப் பனியில் சாலையோரம் ஒரு நிமிஷம் காத்து நின்ற தங்கவேல்.