நுரையோடு அளந்தது

தாடிக்கொம்பில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள் ராமுத்தாய். சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம். தவிட்டு மூட்டையைப் பிரித்து மோந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். "பால் நல்லாருக்குக்கா" என்று நான் சொன்னால்கூட, "எதுக்கு இப்பச் சொல்ற?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவள் பாலில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பால் இறங்க மாட்டுக்கு ஊசி போடுகிறவர்களைக் கண்டால் நடுத்தெருவென்றும் பாராமல் ஏசுவாள். அந்த ஊசி மருந்தின் பெயர் ஆக்சிடோசின் என்று கால்நடை டாக்டர் சொல்லி எங்களுக்கெல்லாம் தெரியும்.

அவள் மகள் புவனேஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று அறிவுச்செல்வி என்ற பெண் வந்து ரத்தம் எடுத்துப் போனாள். "எதுக்கு? யாருக்கு?" என்று ராமுத்தாய் வாசல்வரை கேட்டுக்கொண்டே போனாள். மகளையும் பேரனையும் பார்க்கவே பொழுது சரியாக இருந்ததால், அப்போதெல்லாம் மாடு கறந்தது மகன் மணிமாறன். பால் முன்னைவிடக் கூடவே கிடைத்தது.

பிறகொரு நாள் போன் வந்தது. புவனேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரத்தத்துல ஆக்சிடோசின் அளவு ரொம்பக் கூட வந்திருக்கு. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்" என்றாள் அறிவுச்செல்வி.

ராமுத்தாய் அந்தப் பெயரை மாட்டு ஊசியோடுதான் கேட்டிருந்தாள். மகள் குடிப்பது வீட்டுப் பால். கறப்பது மகன். வேறு என்ன வேண்டும்? நேரே கொட்டகைக்குப் போய் வைக்கோலைப் புரட்டினாள், கூரை இடுக்கில் கைவிட்டாள், அவன் வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி இல்லை. இல்லாததும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஏலே, ஊசிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்ன ஊசி?"

"பேண்ட் பையக் காட்டு!"

அவன் காட்டுவதற்குள் அவளே கைவிட்டாள். ஒரு சீப்புதான் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கூசிப்போனது. மணிமாறன் பால் செம்பைக் கீழே வைத்தான்.

"எங்கிட்டயே தேடுறியாம்மா?" என்றான். திண்டுக்கல்லில் கூட்டாளி சேவியரின் அறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

மறுநாள் அவர்கள் மாடு வெள்ளச்சி பால் விட மாட்டேன் என்றது. ராமுத்தாய் கன்றை ஊட்டவிட்டாள், தடவிக் கொடுத்தாள், கெஞ்சினாள். அவன் கைக்குப் பழகிய மாடு பாலை அடக்கிக்கொண்டு, அவன் வரும் வழியையே பார்த்து நின்றது. செம்பின் அடிகூட நனையவில்லை.

தவிடு போட வந்த முருகேசன் காதோரம் வந்து, "ஒரு ஊசியப் போட்டா செத்த நேரத்துல இறங்கிரும்" என்றான்.

"உன் வாயில போடுறேன், போடா!" என்று விரட்டினாள். விரட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசி போட்டுத்தான் கறந்தான் என்றால் இந்த மாடு ஏன் அவனைத் தேடுகிறது?

அன்று அறிவுச்செல்வி வந்ததும் வழிமறித்தாள். "என் மக ரத்தத்துக்கு மாட்டு ஊசி மருந்து எப்படிம்மா வந்துச்சு?"

அந்தப் பெண் திகைத்துப்போனாள். "ஐயோ, அது ஊசியில வந்ததில்லம்மா. பால் சுரக்க எல்லாத் தாய் உடம்பும் தானாவே உண்டாக்குறது. மாட்டுக்கும் அப்படித்தான்."

"அப்ப ரொம்பக் கூட இருக்குன்னீகளே?"

"நாங்க அளந்ததுலதான் கோளாறு. ரத்தத்துல அது இத்துனூண்டுதான் இருக்கும். சுத்தம் பண்ணாம அளந்தா வேற என்னென்னவோ சேந்து கணக்குல ஏறிரும். போன் பண்ணுனதுக்கப்புறம் மீதி ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அளந்தோம். பத்துல ஒரு பங்குகூட இல்ல."

"நொரையோட சேத்து அளந்துட்டீக."

"அப்படித்தான்."

"ரெண்டாவதா அளந்தது நெசமா?"

"முன்னதுக்கு இது தேவலாம். சந்தேகமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதான் திரும்ப எடுக்க வந்தேன்."

"இம்புட்டுச் சந்தேகத்த வச்சுக்கிட்டு எதுக்கும்மா போன்ல சொன்ன? எம்மகன் வீட்ட விட்டே போயிட்டானே!" என்று கத்தினாள். கத்தி முடித்த கையோடு ராமுத்தாய் போனை எடுத்தாள்.

"மாறா, வெள்ளச்சி பால் விட மாட்டேங்குறா. வா அப்பு."

சாயங்காலம் வந்தான். அவன் கொட்டகைக்குள் நுழையும்போதே, பாழாய்ப்போன பழக்கம், அவள் கண் அவன் பேண்ட் பைக்குப் போனது. அவன் பார்த்துவிட்டான். இரண்டு பைகளையும் வெளியே இழுத்து விட்டான். அவை அப்படியே தொங்க, மாட்டின் பக்கத்தில் குந்தி மடியில் கை வைத்தான். சற்று நேரத்தில் செம்பில் பால் சடசடவென்று விழுந்தது.

ராமுத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பையை உள்ளே தள்ளிவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த அவன் சீப்பை எடுத்து அதற்குள் வைத்தாள்.

கறப்பதை நிறுத்தாமல் அவன் கேட்டான்: "சீப்ப நல்லா மோந்து பாத்துட்டியாம்மா?"

"கொல்லாதடா" என்று சொல்லி அவன் முதுகில் முகத்தை வைத்து அழுதாள்.