எத்திராஜ் கிழித்துப்போட்ட பெயர்ச்சீட்டு

"இதுக்கு இன்னா பேருன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்களா சார், திருப்பிப் பாத்துட்டு சொல்லுவீங்களா?"

மருந்துக்கடை எத்திராஜ் ஒருமுறை என்னிடம் கேட்டது இது. "உடனே சொல்லுவேன், வாத்தியாராச்சே" என்றேன். சிரித்தார். சென்ற வாரம் அவர் மகள் தொலைபேசியில், "அப்பா காலையில போயிட்டாரு சார்" என்றபோது அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஊத்துக்கோட்டையில் அவரை அறிந்த உங்களுக்கு, அவர் உரிமத்தோடு பழங்காலக் கைத்துப்பாக்கிகள் சேகரித்ததும் தெரிந்திருக்கும். அறுபதுகளில், திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நான்கைந்து சேகரிப்பாளர்கள் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் கொண்டுவருவதற்கு 'நவாப் துப்பாக்கி' என்று பெயர் சொல்வார், இன்னொருவர் 'ஜமீன் துப்பாக்கி' என்பார்.

"பாட்டில்ல ராஜா மருந்துன்னு எழுதி ஒட்டினா குடிப்பியா நீ?" என்பார் எத்திராஜ்.

வெடிக்கும் விதத்தை வைத்துத்தான் பெயரிட வேண்டும் என்பது அவர் கட்சி. சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்தால் கல் துப்பாக்கி. பிற்காலத்தில் வந்த, வெடிமருந்து அடைத்த சிறு செம்பு மூடியைத் தட்டி வெடிக்கும் வகை என்றால் கேப்புத் துப்பாக்கி.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் பொருட்காட்சி வைத்தோம். பொதட்டூர்பேட்டை ராஜம்மா, தம் வயதான தந்தை குப்புசாமியோடு வந்து ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்தார். ஜமீன் காவலில் இருந்த முன்னோர் ஒருவர் இடுப்பில் செருகியிருந்த கல் துப்பாக்கி அது என்பது பெரியவர் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த கதை. எத்திராஜ் ஒரு பார்வை பார்த்தார். 'கேப்புத் துப்பாக்கி' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார். அந்த வகை வருமுன்பே முன்னோர் காலமாகிவிட்டாராம்; சீட்டு சரியென்றால் பெரியவரின் கதை பொய்.

சீட்டைப் படித்த உறவினர் ஒருவர், "இன்னா மாமா, தீபாவளி கேப்பா? காயலாங்கடையில வாங்கினு வந்து இத்தினி நாளா கதை உட்டுனு இருந்தியா?" என்றார்.

பெரியவர் மகளிடம், "ஊட்டுக்குப் போனதும் கெணத்துல போட்டுடு" என்றார்.

ராஜம்மா எத்திராஜிடம் வந்தார். "எங்க நைனா பொய் சொல்றவரு இல்ல சார். இன்னொருவாட்டி பாருங்க."

எத்திராஜ் அதை ஜன்னலோரம் எடுத்துப்போய், பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டு இரும்புத் தகட்டில், சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாத சிறு வட்டங்கள் தெரிந்தன. திருகாணித் துளைகளை யாரோ அடைத்திருக்கிறார்கள். கல் துப்பாக்கிகளில் பொறி விழும் கிண்ணம் இருக்கும் இடம் அது. கல் போய்க் கேப்பு வந்த காலத்தில், புதிது வாங்காமல் பழையதையே மாற்றிக்கொண்டவர்கள் பலர். இன்றிருக்கும் வெடிக்கும் அமைப்பைப் பார்த்தே பெயர் வைத்துவிடுவது சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

எல்லார் முன்னாலும் சீட்டைக் கிழித்தார். "தப்பு என்னுது பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் புதிதாக எழுதினார்: 'கல் துப்பாக்கியாகச் செய்யப்பட்டது. பின்னர் கேப்புக்கு மாற்றப்பட்டது. முன்னோருடையது என்பது குடும்பத்தார் சொல். செய்த ஊர் தெரியவில்லை.'

"அப்போ பாட்டன்துதான்னே எழுதிட வேண்டியதுதானே?" என்றார் அதே உறவினர்.

"அது எனக்குத் தெரியாதே. தெரியாதுன்றதும் ஒரு பேருதான்யா."

பெரியவர் மகளை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கெணத்துல வாணாம். எண்ண போட்டுத் தொடைச்சி வையி" என்றார்.

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் யாராவது ஒரு மாணவனை 'மக்கு' என்றால், "திருப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. பெயர்கள் மாறிய பிள்ளைகளை நிறையவே பார்த்துவிட்டேன். எத்திராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான்.

உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கண்ட உண்மையை ஒரு வரியிலும், வீட்டார் சொல்வதை அடுத்த வரியிலும் எழுதி அதன் அருகே வையுங்கள்.