மார்க்கர் சாருக்குத் தொண்டை கட்டியது

சட்டைப் பையில் நான்கு மார்க்கர்களையும் செருகிக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சே சீராகும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு. சிவப்பு ஆபத்துகளை எழுத மட்டும். முதியோர் இல்லமோ நாய்க் காப்பகமோ, ஊரில் எந்தத் தொண்டு நிறுவனம் தள்ளாடினாலும் பயிற்சி கொடுத்துத் தூக்கி நிறுத்த மார்க்கர் சாரைத்தான் கூப்பிடுவார்கள். நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்பது நாகரிகமல்ல. பயிற்சி நடந்திருக்கிறது.

"நாளைக்கு நீங்க படுத்துட்டா உங்க நிறுவனம் நடக்குமா?" என்று ஒவ்வொரு நிர்வாகியையும் பார்த்து விரல் நீட்டுவார். அவர்கள் திருதிருவென விழிப்பதில் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அடுத்தவரை வளர்த்துவிடுங்கள் என்பார். அவரிடமும் அடுத்தவர் உண்டு. நாற்காலி போட்டு, வண்ணத் தாள் வெட்டி, அவர் பேசுவதைக் கேட்டே தலை நரைத்துப்போன துணைப் பயிற்றுநர் அம்மாள். ஒருநாள் அந்த அம்மாள் பேசட்டுமே என்றால், "அவங்களுக்கு இன்னும் பக்குவம் பத்தாதுங்க" என்பார்.

போன வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் குரல் திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வீட்ல இருங்களேன், அந்தம்மா பார்த்துக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி. பார்த்துக்கொண்டுவிட்டால்? அதுதானே பயம்! கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூடத்தில் புது ஏற்பாடு. மார்க்கர் சார் துணைப் பயிற்றுநரின் காதில் கிசுகிசுப்பார், அந்த அம்மாள் உரக்கச் சொல்வார். "ஒரே ஆளை நம்பி இருக்காதீங்க" என்பதும் இப்படியேதான் வந்து சேர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

முதியோர் இல்லம் நடத்தும் பெண்மணி எழுந்தார். "சமையலும் நான்தான், மருந்தும் நான்தான், சாவியும் என் இடுப்புலதான். அடுத்தவங்க கையில கொடுத்தா ஒழுங்கா செய்வாங்களான்னு பயமா இருக்கே?"

துணைப் பயிற்றுநர் கிசுகிசுப்புக்குக் காத்திருக்கவில்லை. "செய்ய மாட்டாங்கம்மா. முதல்ல சொதப்பத்தான் செய்வாங்க. நீங்க பக்கத்துல நின்னு பாக்காதீங்க. சாவியக் கொடுத்துட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் நல்லா தூங்குங்க!"

கூடமே சிரித்தது. அந்தப் பெண்மணியும் சிரித்துக்கொண்டே கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, பக்கத்தில் இருந்த தன் சமையல்காரியின் கையில் வைத்தார். இத்தனை வருடப் பயிற்சியில் சொன்னதை அங்கேயே செய்தவரை மார்க்கர் சார் பார்த்ததில்லை.

துணைப் பயிற்றுநர், மேசையில் சார் எடுத்து வைத்திருந்த பச்சை மார்க்கரோடு பலகைப் பக்கம் திரும்பி, 'பொறுப்பைப் பகிர்வோம்' என்று எழுத ஆரம்பித்தார். முதல் சொல் முடிவதற்குள் மார்க்கர் சார் எழுந்து போனார். அந்த அம்மாளின் விரல்களுக்கிடையிலிருந்து மார்க்கரை மெல்ல உருவி, மூடியைப் போட்டு, தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.